வீட்டுத் தோட்டத்தில் ஹாப்: எந்த ரகத்தை நடுவது?

வீட்டில் பீர் காய்ச்சப் பழகியவர்களுக்கு இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ ஓர் ஆசை பிறக்கும். மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஈஸ்ட்டையும் கடையில்தான் வாங்கியாக வேண்டும், ஹாப்பையாவது நம் வேலியோரத்தில் வளர்த்துவிடலாமே என்று தோன்றும். நியாயமான ஆசைதான். பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தரும் கூம்புகளைக் காய்க்கும் ஹாப் ஒரு பல்லாண்டுக் கொடி; ஒருமுறை தூர் பிடித்துவிட்டால் பல ஆண்டுகளுக்குத் தானாகவே தழைத்துவரும். ஆனால் எந்த ரகத்தை நடுவது என்ற கேள்வியில்தான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். தமக்குப் பிடித்த பீரில் எந்த ஹாப் சேர்க்கிறார்கள் என்று விசாரித்து, அதே ரகத்தைத் தேடி வாங்கி நட்டுவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஜெர்மானிய லாகர் பீர் மீதிருந்த மோகத்தில், ஒரேகன் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்புறத்தில், ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ என்ற பழம்பெரும் பவேரிய ரகத்தை நட்டேன். மூன்று கோடைகாலம் தண்ணீரும் எருவும் போட்டதற்கு, மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரு டீத்தம்ளர் கொள்ளும் அளவுக்குக் கூம்புகள் கிடைத்தன. செடியின் மேல் குற்றமில்லை. அந்த ரகம் அமெரிக்க மண்ணில் குறைவாகக் காய்ப்பது என்பதும், எங்கள் ஊரின் ஈரமான வசந்தம் அதற்கு ஆகாது என்பதும் இங்குள்ள விவசாயிகள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே இக்கட்டுரையில் நான் சொல்லும் வரிசை, வழக்கமான வரிசைக்கு நேரெதிரானது. முதலில் உங்கள் இடத்தைப் பாருங்கள். அடுத்து அந்த இடத்தில் வரும் நோயைப் பாருங்கள். கோப்பையில் என்ன மணம் வேண்டும் என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

செடியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

ஹாப்பில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. பீருக்குப் பயன்படுவது பெண்செடியின் கூம்புகள் மட்டுமே. நன்கு முற்றிய கூம்பு ஒன்றை நகத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்தால், இதழ்களின் அடியில் மகரந்தம்போல் மஞ்சள் தூள் அப்பியிருக்கும். லூப்புலின் எனப்படும் இந்தத் தூளில்தான் எல்லாமே இருக்கிறது. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் மால்ட் சாற்றோடு சேர்ந்து கொதிக்கும்போது உருமாறிக் கசப்பைத் தருகின்றன. அதிலுள்ள எண்ணெய்கள் மணத்தைத் தருகின்றன. எண்ணெய்கள் ஆவியாகிவிடுபவை என்பதால், மணத்துக்கான ஹாப்பைக் கொதியின் கடைசி நிமிடங்களிலோ, நொதித்து முடிந்த பிறகோ சேர்ப்பார்கள். கசப்புக்கானது கொதியின் தொடக்கத்திலேயே விழும்.

இதிலிருந்து ரகங்களைப் பற்றிய முதல் பிரிவினை வருகிறது. ஆல்ஃபா அமிலம் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவற்றைக் கசப்பு ரகங்கள் என்றும், அதற்குக் குறைவாக, ஆனால் மணம் நயமாக உள்ளவற்றை மண ரகங்கள் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். வீட்டில் வளர்ப்பவருக்கு மண ரகங்களே ஏற்றவை என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைக் கணக்கோடு பின்னால் சொல்கிறேன்.

முதற்படி: அட்சரேகை, வெயில், உயரம்

ஹாப் நன்றாக விளையும் பகுதி, பூமத்திய ரேகைக்கு வடக்கிலோ தெற்கிலோ ஏறத்தாழ 35 முதல் 55 பாகை வரை உள்ள பகுதி. அமெரிக்காவின் ஹாப்பில் பெரும்பங்கை விளைவிக்கும் யாக்கிமா பள்ளத்தாக்கு 46 பாகையை ஒட்டியும், பவேரியாவின் ஹாலர்டாவ் 48 பாகையைத் தாண்டியும், செக் நாட்டின் ஜாடெட்ஸ் 50 பாகையிலும் இருக்கின்றன. இந்த வரம்பு வெப்பத்தைப் பொறுத்தது மட்டுமன்று. பகல் நீண்டுகொண்டே போகும் மே, ஜூன் மாதங்களில் கொடி உயரமாக வளர வேண்டும். ஜூன் கடைசிக்குப் பின் பகல் சுருங்கத் தொடங்கும்போது பூக்க வேண்டும். பகல் போதிய அளவு நீளாத இடத்தில், கொடி ஆளுயரம் வருவதற்குள்ளேயே அவசரப்பட்டுப் பூத்து நின்றுவிடும். அதோடு, குளிர்காலத்தில் தூர் சில வாரங்கள் உறங்கவும் வேண்டும்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வளராதா என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு இதுவே விடை. அங்கே குளிர் இருக்கிறது, ஆனால் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. எங்கள் ஊரில் ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணி நேரம். இந்தியாவில் ஹாப் பயிரிடப்படுவது இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில். மேலும், உரிமமின்றி மது தயாரிப்பதை 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் தடை செய்கிறது என்பதால், கொடி வளர்ந்தாலும் அடுத்த வேலை நடக்காது. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுப் பீருக்கு விதித்திருந்த கூட்டாட்சி வரியை நீக்கி, வயது வந்த ஒருவர் மட்டுமே உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலனும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டுக்கு 200 கேலனும் சொந்தப் பயன்பாட்டுக்குக் காய்ச்ச அனுமதித்தது. உங்கள் மாநிலத்தின் விதியையும் பார்த்துக்கொள்வது நல்லது.

டொராண்டோ, லண்டன், நியூ ஜெர்சி ஆகிய ஊர்களில் இருப்பவர்களுக்கு அட்சரேகையில் சிக்கலில்லை. டாலஸ் போன்ற தெற்கு ஊர்களில் இருப்பவர்கள் வளர்க்கலாம். ஆனால் விளைச்சல் குறையும் என்ற மனத்தயாரிப்புடன், வெப்பத்தைத் தாங்கும் கேஸ்கேட், சினூக் போன்றவற்றோடு நின்றுகொள்வது நல்லது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேரடி வெயில் விழுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் தேங்காத மண் வேண்டும். கொடி ஏற 5 முதல் 6 மீட்டர் உயரம் வேண்டும். இந்த உயரம்தான் பலருக்கு இடிக்கும். தாழ்வான வேலி மட்டுமே உள்ளவர்கள் கயிற்றைச் சாய்வாகக் கட்டி இழுக்கலாம். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: ஃபர்ஸ்ட் கோல்டு போன்ற குட்டை ரகங்கள் அங்கே கிடைக்கின்றன, அவற்றுக்கு இரண்டரை மீட்டர் உயரமே போதும்.

இன்னொன்றையும் பாருங்கள்: பக்கத்தில் பிளம் மரம் இருக்கிறதா? ஹாப்பைத் தாக்கும் அசுவினி, குளிர்காலத்தைப் பிளம் இனத்து மரங்களில் முட்டையாகக் கழித்துவிட்டு, வசந்தத்தில் சிறகு முளைத்து ஹாப்புக்குப் பறந்துவரும். எங்கள் வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டாரின் பிளம் மரம் ஒன்று நிற்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தப் பக்கத்துக் கொடியில்தான் முதல் அசுவினியைப் பார்க்கிறேன். மரத்தை வெட்டச் சொல்ல முடியாது. கொடியை மறுபக்கம் நட்டிருக்கலாம்.

இரண்டாம் படி: உங்கள் ஊரின் நோய் எது?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். இதில் சற்று நிதானமாக நிற்போம்.

ஹாப்புக்கு இரண்டு பூஞ்சண நோய்கள் முக்கியமானவை. ஒன்று அடிச்சாம்பல் நோய். இது குளிர்ந்து ஈரமான வசந்தத்தில் வரும். மற்றது சாம்பல் நோய். இலையின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளைத் திட்டாகத் தெரிவது. இதற்கு மழை தேவையில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஹாப் மையமாக இருந்தது எங்கள் வில்லாமெட் பள்ளத்தாக்குதான். இங்குள்ள இண்டிபெண்டன்ஸ் என்ற சிற்றூர், உலகத்தின் ஹாப் தலைநகரம் என்று தன்னை அழைத்துக்கொண்ட காலம் உண்டு. அடிச்சாம்பல் நோய் வந்து பரவியது, சாகுபடி கேஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே, மழை குறைந்த யாக்கிமாவுக்கு நகர்ந்ததற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. யாக்கிமாவுக்கும் நிம்மதி நிலைக்கவில்லை. 1997-இல் சாம்பல் நோய் அங்கே வந்து சேர்ந்தது.

அடிச்சாம்பல் நோய் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால்தான் ரகத் தேர்வின் அருமை புரியும். ஏப்ரல் மாதத்தில் தூரிலிருந்து வரும் தளிர்களில் சில மட்டும் வளராமல் குறுகி, வெளிறிய மஞ்சளாக, கணுக்கள் நெருங்கி, ஓர் ஈட்டிமுனைபோல் நிற்கும். அதன் இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். தொட்டால் மொறுமொறுவென்று உடையும். இலையைத் திருப்பிப் பார்த்தால் கரும்சாம்பல் நிறத்தில் புகை படிந்ததுபோல் இருக்கும். அந்தத் தளிரைத் தரைமட்டத்துக்கு வெட்டி எடுத்து, எருக்குழியில் போடாமல் குப்பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். நோய் தூருக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும் என்பதால், எளிதில் நோய்க்கு ஆளாகும் ரகத்தை நட்டவர் ஆண்டுதோறும் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவே, மழை மிகுந்த வசந்தம் உள்ள ஊர்க்காரர்கள் அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் ரகங்களைத் தேட வேண்டும். ஃபக்கிள், பெர்ல், மேக்னம் ஆகியவை இதில் நன்றாகத் தாங்குபவை. கேஸ்கேட், வில்லாமெட், சினூக் ஆகியவை ஓரளவு தாங்குபவை. ஹாலர்டாவ், மவுண்ட் ஹூட், சென்டென்னியல், பழைய அமெரிக்க ரகமான கிளஸ்டர் ஆகியவை எளிதில் விழுந்துவிடும். வறண்ட, வெப்பமான ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்களுக்குச் செஞ்சிலந்திப் பேன்தான் எதிரி. மேக்னமும் பெர்லும் சாம்பல் நோய்க்கு எளிதில் ஆளாகும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் தாங்கும் ரகம் என்று ஒன்றைத் தேடுவது வீண்.

மூன்றாம் படி: ரகங்கள்

இந்த இரண்டு சல்லடைகளிலும் சலித்த பிறகு கையில் மிஞ்சுபவை ஏழெட்டு ரகங்களே. அவற்றில் எதை எடுப்பது என்பதற்கு இப்போது நாக்கையும் மூக்கையும் கேட்கலாம்.

வேறெதுவும் தெரியாமல் ஒரே ஒரு கொடியை மட்டும் நடப் போகிறவர் கேஸ்கேடை நடட்டும். ஒரேகனின் கோர்வாலிஸ் நகரில், அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுத் திட்டத்தில் 1956-இல் கிடைத்த விதையிலிருந்து உருவாகி, 1972-இல் விவசாயிகளுக்கு வெளியிடப்பட்ட ரகம் இது. ஆங்கிலேய ஃபக்கிளும் ரஷ்ய செரெப்ரியாங்காவும் இதன் முன்னோர்கள். அமெரிக்கக் கைவினைப் பீரின் முகத்தையே மாற்றிய ரகம் என்று இதைச் சொன்னால் மிகையில்லை. சியரா நெவாடா என்ற பீர் நிறுவனத்தின் பேல் ஏல் 1980 முதல் இந்த மணத்தைத்தான் நாடெங்கும் கொண்டுசேர்த்தது. பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறினால் என்ன மணம் வருமோ, ஏறக்குறைய அதே மணம், கூடவே சிறிது பூவாசம். ஆல்ஃபா அமிலம் 4.5 முதல் 7 விழுக்காடு. வேகமாக வளரும், நிறையக் காய்க்கும், நோயை ஓரளவு தாங்கும், கூம்புகள் கையால் பறிக்க வசதியான அளவில் இருக்கும். இதற்கு ஒரு குறை உண்டு. இது சேமிப்பில் நிற்காது. 20 டிகிரி செல்சியசில் ஆறு மாதம் வைத்திருந்தால், தன் ஆல்ஃபா அமிலத்தில் பாதியை இழந்துவிடும். அதனால் உறைபெட்டியில் இடம் இல்லாதவர்கள் இதை நடுவதற்குமுன் யோசிக்க வேண்டும்.

வில்லாமெட், ஃபக்கிளின் மகள், 1976-இல் வெளியானது. எங்கள் பள்ளத்தாக்கின் ஆற்றுப் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபா அமிலம் 4 முதல் 6 விழுக்காடு. மழைக்குப் பிந்திய மண்வாசம், லேசான மிளகுக் காரம், அடியில் ஒரு பூவாசம். ஆங்கில பாணியிலான பிட்டர், பிரவுன் ஏல், போர்ட்டர் ஆகிய பீர் வகைகளுக்கு இதைவிடப் பொருத்தமானதை வீட்டுத் தோட்டத்தில் காண்பது கடினம். மூன்று தொகுதி நிறப்புரிகள் (குரோமோசோம்கள்) கொண்டது என்பதால் இதில் விதை ஏறக்குறைய பிடிப்பதில்லை. அக்கம்பக்கத்தில் காட்டு ஆண்செடி இருந்தாலும் கவலையில்லை. கூம்புகள் சிறியவை. பறிக்கும்போது பொறுமை சோதிக்கப்படும்.

சினூக் 1985-இல் வெளியானது. 12 முதல் 14 விழுக்காடு ஆல்ஃபா அமிலம் கொண்டது. பைன் மரப் பிசினும் காரமும் கலந்த மணம். கசப்புக்கும் மணத்துக்கும் இரண்டுக்குமே பயன்படுத்தலாம் என்பதால், ஐ.பி.ஏ. (ஹாப் தூக்கலான இந்தியா பேல் ஏல்) விரும்பிகளுக்கு இரண்டாவது கொடியாக இதையே சொல்வேன். நக்கெட் காய்க்கும் அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்; பச்சிலை மணம் கொண்ட கனமான கூம்புகள். ஆனால் அது முதன்மையாகக் கசப்பு ரகம், வாடல் நோய்க்கும் எளிதில் ஆளாகும். சென்டென்னியல் மணத்தில் கேஸ்கேடின் அக்காள்போல இருக்கும், எலுமிச்சைச் சாயல் கூடுதல், 1990-இல் வெளியானது. ஈர ஊர்க்காரர்களுக்கு அது தலைவலி, வறண்ட ஊர்க்காரர்களுக்கு அது பரிசு. மேக்னத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: சுத்தமான கசப்பு, மணம் சொற்பம். கடையில் மலிவாகக் கிடைப்பதை வீட்டில் வளர்ப்பானேன்?

ஐரோப்பாவின் பெயர் பெற்ற நயமான ரகங்களான சாட்ஸ், டெட்னாங், ஹாலர்டாவ் ஆகியவற்றைப் பொறுத்தவரை, அவை பிறந்த மண்ணிலேயே குறைவாகக் காய்ப்பவை. அந்த மணம்தான் வேண்டும் என்பவர்கள், அவற்றின் அமெரிக்க வாரிசுகளில் ஒன்றை முயலலாம். மவுண்ட் ஹூட் ஹாலர்டாவின் வழிவந்தது, ஸ்டெர்லிங் சாட்ஸின் வழிவந்தது. நோயைத் தாங்குவதில் ஸ்டெர்லிங் மேல்.

நான்காம் படி: கிடைப்பதும் கிடைக்காததும்

சிட்ரா, மொசைக் ஆகிய பெயர்களைக் கேட்டுவிட்டு நர்சரிக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். இவை ஹாப் ப்ரீடிங் கம்பெனி என்ற நிறுவனத்துக்கு உரிமையுள்ள ரகங்கள். உரிமம் பெற்ற பண்ணைகள் மட்டுமே பயிரிட முடியும். உலர்ந்த கூம்பும் குளிகையும் கடையில் கிடைக்கும், நடுவதற்கான கிழங்கு கிடைக்காது. யாராவது இணையத்தில் சிட்ரா கிழங்கு என்று விற்றால், அது பொய்யாக இருக்கும், அல்லது திருட்டாக இருக்கும். மேலே நான் விவரித்தவை எல்லாம் யாரும் நடக்கூடிய பொது ரகங்கள்.

வாங்குவது இரண்டு வடிவில். ஒன்று, இஞ்சியைப்போல மண்ணுக்கடியில் படரும் தண்டின் துண்டு. இதை ரைசோம் என்று சொல்லி மார்ச், ஏப்ரல் மாதங்களில் விற்பார்கள். ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் தடிமன், குறைந்தது இரண்டு வெள்ளை முளைகள் இருக்க வேண்டும். வளைத்தால் தொய்வில்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும். மற்றது, தொட்டியில் வேர் பிடித்த சிறு செடி. விலை கூடுதல்தான், ஆனால் நச்சுயிரி இல்லையென்று சோதிக்கப்பட்ட தாய்ச்செடியிலிருந்து பதியமிட்டது என்றால் அந்த விலைக்குத் தகும். நச்சுயிரி புகுந்த கொடி சாகாது. பச்சையாகவே நின்றுகொண்டு, விளைச்சலையும் ஆல்ஃபா அமிலத்தையும் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே போகும். நண்பர் வீட்டுக் கொடியிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் கிழங்கில் இந்த ஆபத்து உண்டு. அந்த நண்பரின் கொடி நன்றாகக் காய்க்கிறதா என்று ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாஷிங்டன், ஒரேகன், ஐடஹோ மாநிலங்களில் வசிப்பவர்கள் வெளி மாநிலத்திலிருந்து ஹாப் செடியையோ கிழங்கையோ வரவழைப்பதற்குத் தாவர நோய்த் தடுப்புச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் உள்ளன. உள்ளூரிலேயே வாங்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: எத்தனை கொடி?

ஆசைக்கு அளவில்லை, ஆனால் கொடிக்கு உண்டு. நன்கு வேரூன்றிய ஒரு கொடியிலிருந்து, மூன்றாம் ஆண்டு முதல், உலர்ந்த எடையில் அரைக் கிலோ எதிர்பார்ப்பது நியாயமான கணக்கு. 19 லிட்டர் பேல் ஏலுக்கு மணத்துக்கென்று 85 கிராம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு கொடி ஐந்தாறு காய்ச்சலுக்கு வரும். மாதம் ஒருமுறை காய்ச்சுபவருக்கு இரண்டு கொடிகள் போதும். இரண்டும் வேறு வேறு ரகமாக, ஒன்று ஆகஸ்ட் பிற்பகுதியிலும் மற்றது செப்டம்பரிலும் அறுவடைக்கு வருமாறு அமைந்தால் வேலையும் பிரிந்துவிடும். எங்கள் ஊரில் வில்லாமெட் முந்தும். கேஸ்கேட் சற்றுப் பின்னும், சினூக் அதற்கும் பின்னும் வரும்.

வெவ்வேறு ரகங்களுக்கிடையே குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள். மண்ணுக்கடியில் கிழங்குகள் ஓடிப் பிணைந்துகொள்ளும். நான் இரண்டாம் சுற்றில் கேஸ்கேடையும் நக்கெட்டையும் ஒரு மீட்டருக்குள் நட்டு, மரக்குச்சியில் பேனாவால் பெயரெழுதிச் செருகினேன். இரண்டு குளிர்கால மழையில் எழுத்து கரைந்துவிட்டது. அதற்கடுத்த வசந்தத்தில் நடுவில் முளைத்த தளிர்கள் யாருடைய பிள்ளைகள் என்று கூம்பு வரும்வரை தெரியவில்லை. இப்போது அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி, கம்பத்தில் அறைந்துவிடுகிறேன்.

நடவும் கொடியேற்றமும்

முளை மேல்நோக்கி இருக்குமாறு கிழங்கைப் படுக்கவைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், மக்கிய எரு கலந்த மண்ணில் நட்டுவிட்டால் போதும். முதல் ஆண்டு கூம்பை எதிர்பார்க்காதீர்கள்; அந்த ஆண்டு வேருக்கு.

இரண்டாம் ஆண்டு முதல், வசந்தத்தில் முதலில் பீறிட்டு வரும் தடித்த, உள்ளே பொள்ளலான தளிர்களை வெட்டிவிட வேண்டும். மனம் வராது, ஆனால் அடுத்து வருபவைதான் காய்ப்பவை, நோயும் அதனால் தள்ளிப்போகும். எங்கள் ஊரில் மே மாதத் தொடக்கத்தில், ஒரு கயிற்றுக்கு இரண்டு அல்லது மூன்று தளிர்களை மட்டும் ஏற்றிவிட்டு மற்றவற்றை நீக்கிவிடுவேன். ஹாப்புக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டிலுள்ள சுணைகளால் பிடித்துக்கொண்டு தண்டாகவே சுற்றி ஏறும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில்தான் சுற்றும். அவரைக் கொடி இதற்கு நேரெதிர் திசையில் சுற்றும். ஊரில் அவரைப் பந்தல் போட்ட பழக்கத்தில் நான் சுற்றிவிட்ட தளிர்கள் எல்லாம் மறுநாள் காலையில் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. சுணை சொரசொரப்பானது, முழங்கையில் கீறலும் தடிப்பும் வரும். முழுக்கைச் சட்டை அணியுங்கள்.

கயிறு எதுவாக இருக்க வேண்டும் என்றால், தேங்காய் நார்க் கயிறு. இங்குள்ள பெரிய பண்ணைகளில் ஆண்டுதோறும் கட்டப்படுவதும் அதுதான். இலங்கையில் திரிக்கப்பட்டுக் கப்பலேறி வருவது. பிளாஸ்டிக் கயிற்றில் கொடி வழுக்கும், கழித்த பிறகு மக்காது.

அறுவடையும், நான் முன்பு சொன்ன கணக்கும்

கூம்பு முற்றியதா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காதருகே வைத்து விரல்களுக்கிடையே உருட்டினால் காகிதம் நசுங்கும் ஓசை வர வேண்டும். அமுக்கி விட்டால் மீண்டும் எழும்ப வேண்டும். உள்ளே லூப்புலின் வெளிர்மஞ்சளிலிருந்து அடர்மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். பச்சைப் புல் வாடை அடித்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

பறித்த கூம்பில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 500 கிராம் பச்சைக் கூம்பைக் கம்பிவலைத் தட்டில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் நிழலில் காயவைத்தால், அது 110 கிராம் அளவுக்கு வரும்போது ஈரப்பதம் 9 விழுக்காடு ஆகியிருக்கும். அதுவே நிறுத்த வேண்டிய இடம். நடுக்காம்பை வளைத்தால் முறிய வேண்டும். அடுப்பில் வைப்பதாக இருந்தால் 60 டிகிரியைத் தாண்டவே கூடாது. காய்ந்ததைக் காற்று நீக்கிய பைகளில் அடைத்து, ரகமும் ஆண்டும் எழுதி, உறைபெட்டியில் வைக்கவும்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் கேஸ்கேடின் ஆல்ஃபா அமிலம் எத்தனை விழுக்காடு என்று உங்களுக்குத் தெரியாது. கடைப் பொட்டலத்தில் ஆய்வக அளவு அச்சிட்டிருக்கும், உங்கள் பையில் இருக்காது. 28 கிராமைக் கொதியின் தொடக்கத்தில் 19 லிட்டருக்குப் போட்டு, கால் பங்கு கசப்பாக மாறுகிறது என்று கொண்டால், ஆல்ஃபா 4.5 விழுக்காடாக இருந்தால் 17 கசப்பு அலகு வரும். 7 விழுக்காடாக இருந்தால் 26 வரும். ஒன்று சப்பென்ற பீர், மற்றது நல்ல பேல் ஏல். ஆகவே கசப்புக்கு, அளவு அச்சிட்ட கடை மேக்னத்தைப் போடுங்கள். வீட்டு ஹாப்பைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கும், நொதித்த பிறகு ஊறவைப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கசப்பின் தவறு சிறிது, மணத்தின் இலாபம் பெரிது. வீட்டில் வளர்ப்பவருக்கு மண ரகமே ஏற்றது என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுதான்.

உலர்த்தாமல் பறித்த அன்றே போடுவதானால், உலர்ந்ததன் எடையைப்போல ஐந்து அல்லது ஆறு மடங்கு வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வாய்க்கும் அந்தப் பீருக்காகவே ஹாப் வளர்ப்பவர்கள் உண்டு. நாய் வளர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பயன்படுத்திய ஹாப் சக்கையைத் தின்ற நாய்க்கு உடல்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். சக்கையைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

நவம்பரில் கொடியைத் தரையோடு அறுத்து, தூரின்மேல் இலைச்சருகு மூடி, அந்த ஆண்டின் உலர்ந்த எடையை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்றாம் ஆண்டின் எடை 200 கிராமைத் தாண்டவில்லை என்றால், வெயிலும் தண்ணீரும் சரியாக இருந்தும் அப்படித்தான் என்றால், அந்த ரகம் உங்கள் இடத்துக்கானதன்று; அடுத்த மார்ச்சில் மண்வெட்டியை எடுங்கள். என் ஹாலர்டாவைத் தோண்ட ஒரு முழுச் சனிக்கிழமை பிடித்தது. விட்டுப்போன ஒரு விரல் நீளக் கிழங்கிலிருந்து இன்றும் ஆண்டுதோறும் ஒரு தளிர், அதே இடத்தில் நட்ட வில்லாமெட்டின் நடுவே எட்டிப் பார்க்கிறது. நானும் ஆண்டுதோறும் அதைக் கிள்ளிக்கொண்டிருக்கிறேன்.